கண்ணாடி அலமாரி ஆலய நிர்வாகத்தாருக்கு

பெறுநர்: தொழிற்பயிற்சி நிலையத்தின் மாண்புமிகு நிர்வாகக் குழுவினர்
பொருள்: பிஎல்சி தரிசனம் தந்தமைக்கு நன்றி

ஐயா, அம்மா,

தங்கள் நிலையம் வழங்கிய சான்றிதழோடு போன வாரம் ஒரு தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேசைமேல் ஒரு பிஎல்சி, அதாவது ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. பக்கத்தில் பழுப்பு, நீலம், கறுப்பு என மூன்று வயர் தொங்கும் ஒரு சென்சார். “இதை அதுல மாட்டுங்க தம்பி” என்றார் இன்ஜினியர். நான் கைகட்டி நின்றேன். பிஎல்சிக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று தாங்கள் பழக்கிவிட்டது அப்படித்தானே? கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி. எனக்கு அடுத்து வந்த பையனிடம் சான்றிதழே இல்லை. ஸ்குரூடிரைவரை எடுத்தான், மாட்டினான், விளக்கு எரிந்தது. வேலை அவனுக்கு.

இதற்காகத் தங்களைக் குறை சொல்வேனா? மூலவரைத் தொட எல்லோருக்கும் அனுமதி உண்டா என்ன! ஆய்வகத்தில் பிஎல்சி கண்ணாடி அலமாரிக்குள் எழுந்தருளியிருக்கிறது. சாவி பயிற்றுநரிடம். பயிற்றுநர் கூட்டத்தில். கூட்டம் முடிந்து வந்து அவர் சுவிட்சைத் தட்டினால் ஒரு பச்சை விளக்கு எரியும். அதுதான் தீபாராதனை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பெக்கோக்கிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்த பக்தர்கள் வரிசையில் நின்று சேவித்துவிட்டு, ஸ்லைடுகளைப் பிரசாதமாக வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

தாங்கள் மறந்திருக்கக்கூடிய தலபுராணம் ஒன்றைச் சொல்கிறேன். 1968-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவுக்கு ஒரு தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பலகைகளைப் பிய்த்து மறுபடி வயர் இழுக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்தாக டிக் மோர்லி குழுவினர் செய்த பெட்டிதான் மோடிகான் 084. அவர்களுடைய 84-வது வேலை என்பதால் அந்தப் பெயர். அதற்கு லேடர் முறையில் புரோகிராம் எழுத வைத்ததற்கும் காரணம் உண்டு: ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த ஆலை வயர்மேனுக்கு அது அப்படியே புரியும். ஆக, இந்தச் சாமி அவதாரம் எடுத்ததே வயர்மேனுக்காக. அந்த வயர்மேனைத்தான் தாங்கள் வெளிப் பிரகாரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

வீட்டில் பழக முதலில் எந்த பிஎல்சியை வாங்கலாம் என்று தங்களிடமே எழுதிக் கேட்டேன். அலமாரியில் உள்ள அதே மாடல், அதற்கு முழு லைசென்ஸ், கூடவே அடுத்த நிலைப் பயிற்சிக்கான பாரம். அருள்வாக்கு அத்தோடு முடிந்தது. என் சம்பளத்தில் அந்தத் தெய்வத்தின் பவர் சப்ளையை வேண்டுமானால் வாங்கலாம். எனவே நானே விசாரித்தேன்.

சீமென்ஸ் எஸ்7-1200 நல்ல பெட்டி, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் புரோகிராம் எழுதும் டிஐஏ போர்ட்டல் மென்பொருளுக்கு இலவசச் சோதனைக் காலம் 21 நாள்தான். ஒரு மண்டல விரதம்கூட முடியாது. டெல்டாவின் ஐஎஸ்பிசாஃப்ட், ஆலன்-பிராட்லி மைக்ரோ800-க்கான சிசிடபிள்யூவின் சாதாரணப் பதிப்பு இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. போகப்போவது ஜப்பான்காரர் தொழிற்சாலை என்றால் மிட்சுபிஷி அல்லது ஓம்ரானில் பழைய பெட்டி ஒன்று தேடலாம். கேபிளும் மென்பொருளும் கிடைக்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிஎல்சி வாங்க வழியில்லாதவனுக்கு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் கோடிசிஸ் மென்பொருள் உண்டு. லைசென்ஸ் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் நடை சாத்திவிடும். மறுபடி தட்டினால் திறக்கும். தங்கள் அலமாரியைவிடத் தாராளமான சந்நிதி. ஓபன்பிஎல்சிக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

எந்தப் பெட்டியில் பழகினாலும் வீணில்லை. பிஎல்சி மொழிகளுக்கு 1993-இலேயே ஐஇசி 61131-3 என்ற பொதுத் தரம் வந்துவிட்டது. ஒரு பெட்டியில் டைமரும் கவுண்டரும் புரிந்தவனுக்கு அடுத்த பெட்டியில் பெரிய திண்டாட்டம் இருக்காது. கையில் பழக வேண்டியது வேறு: சென்சாரின் கறுப்பு வயர் 24 வோல்ட்டைத் தருகிறதா, பூஜ்யத்துக்கு இழுக்கிறதா, அதற்கேற்ப பிஎல்சியின் காமன் முனையை எங்கே கட்டுவது. பிஎன்பி, என்பிஎன் என்று தங்கள் ஸ்லைடில் அழகான நீல எழுத்தில் இருந்ததே, அதுதான்.

பயிற்சிக்குக் கணக்கு வேண்டுமா? செம்பனை ஆலை ஸ்டெரிலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். நீராவி வால்வு திறக்கும், அழுத்தம் ஏறும், வெளியேற்றும் வால்வு திறக்கும், அழுத்தம் இறங்கும். மூன்று முறை இப்படி. மூன்றாவது முறை ஏறக்குறைய 3 பாரில் நிறுத்திக் குலைகளை வேகவைப்பார்கள். மூன்று பல்பு, இரண்டு சுவிட்ச் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே இதை ஓட்டிப் பழகலாம். உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவு திறக்கவே கூடாது. அந்த இன்டர்லாக்கை ஸ்லைடில் மட்டும் பார்த்தவனுக்கு முத்திரை குத்தி ஆலைக்கு அனுப்புகிறீர்கள். அவன் செய்யும் தவறில் செத்துப்போவது கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி. தோட்டத்துப் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு ஒரு வயரைக்கூடத் தொட விடாமல் அனுப்புவதற்குப் பெயர் பயிற்சி இல்லை, ஏமாற்று.

மன்னிக்கவும். சந்நிதியில் சத்தம் போட்டுவிட்டேன்.

2025 ஜனவரி 7-இல் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதும் தங்கள் வாசலில் புதிய பேனர் ஏறியது. பேனரில் ரோபோ கை, உள்ளே அதே அலமாரி. கும்பாபிஷேகம் பிரமாதம்.

விண்ணப்பம் சிறியதுதான். அலமாரியைத் திறந்து வையுங்கள். எரிந்துபோனாலும் பரவாயில்லை என்ற விலையில் நாலைந்து சின்ன பிஎல்சிகளை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தேர்வைத் தாளில் வைக்காமல் வயரில் வையுங்கள்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்த நிலையத்திலும் பணம் கட்டும் முன், “நானே வயர் மாட்டலாமா?” என்று கேளுங்கள். பதில் இழுபறியாக வந்தால், அந்தக் கட்டணத்தில் ஒரு பழைய பிஎல்சியும் 24 வோல்ட் பவர் சப்ளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சான்றிதழ் பெற்ற பக்தன்,
பெக்கோக், ஜொகூர்.