வெரசா அடிக்கணுமாக்கும்!

ஏ பேராண்டி, இங்கிட்டு வாடா. மடியில என்னடா அது, நீலமும் பச்சையுமா மினுக்குது? கீபோர்டா? டைப்படிக்கிற பலகைக்கு எதுக்குடா லைட்டு? டக்கு டக்குன்னு சத்தம் வர்றதுக்குன்னே கூடக் காசாம்ல. ரெமிங்டன் டைப்ரைட்டர் மிஷின்ல அந்தச் சத்தம் ஓசியிலயே வரும்டா, கிறுக்குப் பயலே.

சரி, வாங்குனது வாங்கிட்ட. நிமிசத்துக்கு எத்தன வார்த்தை அடிப்ப? ஏதோ ஆப்பு அறுபதுன்னு சொல்லுச்சா? தப்பு எத்தனன்னு பாத்தியா? அதப் பாக்க மாட்ட. பாதி நேரம் பேக்ஸ்பேஸ அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா அதுக்குப் பேரு வேகமா?

கவருமெண்டுக் கணக்கக் கேட்டுக்க. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற டைப்ரைட்டிங் பரீட்சையில லோயருக்கு நிமிசத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அஞ்சு தட்டு தட்டுனா ஒரு வார்த்தை. அப்ப லோயருக்குப் பத்து நிமிசத்துல 1,500 தட்டு. இடம் விடுறதும் ஒரு தட்டுதான். குரூப் நாலு பரீட்சை எழுதி டைப்பிஸ்டு வேலைக்குப் போகணும்னா தமிழு, இங்கிலீசு ரெண்டும் பாஸாகணும், ஒண்ணாச்சும் ஹையரா இருக்கணும். என்ன, முப்பதுன்னதும் இளப்பமாச் சிரிக்கிற? அந்த முப்பத, கையப் பாக்காம, அழிக்க வழியில்லாத மிஷின்ல அடிச்சுக் காமி பாப்போம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுல மொத நாளு என்ன குடுப்பாங்க தெரியுமா? தமிழுன்னா யளனகபக. இங்கிலீசுன்னா ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப். தாள் நெறைய அதேதான். மறுநாளும் அதேதான். வேகத்தப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. சுண்டுவெரலு நோகும். அடிச்ச தாளத் தூக்கிப் பாத்தா மத்த எழுத்தெல்லாம் கருப்பா நிக்கும், சுண்டுவெரல் அடிச்ச ‘ஏ’ மட்டும் வெளுத்துப் போயிருக்கும். எந்த வெரலு சோம்பேறின்னு தாளே காட்டிக் குடுத்துரும். உன் கம்ப்யூட்டர்ல எல்லா எழுத்தும் ஒரே கருப்பு. ஏமாத்துற வெரல எப்படிடா பிடிப்ப?

தமிழ் மிஷினு இன்னும் பொல்லாதது. புள்ளிய மொதல்ல அடிக்கணும், கேரேஜு நகராது. அப்பறம் எழுத்த அடிச்சாத்தான் நகரும். யாழ்ப்பாணத்துல பொறந்து சிங்கப்பூருக்குப் போன முத்தையாங்கற மனுசன் நம்ம எழுத்து அம்புட்டையும் அந்தச் சின்னப் பொட்டிக்குள்ள அடக்குனாரு. மண்டைய ஒடச்சுக்கிட்டது அவரு. வெரலு வைக்க அலுத்துக்கிறது நீயி.

உன் லைட்டுப் பலகையிலயும் ஒரு நல்ல சமாச்சாரம் இருக்கு, அது மட்டும் உனக்குத் தெரியாது. எஃப், ஜே ரெண்டு கீயையும் தடவிப் பாரு. சின்னதா மேடு தட்டுதா? ஆள்காட்டி வெரலுக்கு அதான் எடம். கண்ணு தேடக் கூடாதுன்னுதான் அத வச்சிருக்கான்.

பின்லாந்துல ஆல்டோ பல்கலைக்கழகத்துக்காரங்க 2018ல 1,68,000 பேரு டைப்படிக்கிறத ஆராஞ்சாங்களாம். சராசரி 52 வார்த்தை. வெரசா அடிக்கிறவங்கதான் தப்பும் கொறச்சலாப் பண்றாங்களாம். இதுக்கு அத்தன பேரு எதுக்குடா? ஜீப்புல போடிமெட்டு ஏறிப் போயி ஏலக்காய் எடுக்குற பொம்பளைய ஒருத்தியக் கேட்டிருந்தாச் சொல்லிருப்பாளே. புதுசா வந்தவ அவசரத்துல சரத்துல இருக்கிற பிஞ்சையும் சேத்து உருவுவா. ஸ்டோர்ல காய வச்சா அது சுருங்கிப் போகும், எடை நிக்காது. பழகுனவ கை பிஞ்சுப் பக்கமே போகாது. அவ கூடைதான் மொதல்ல நெறையுது.

‘முறையாப் படிக்காதவனும் அதே வேகம் அடிக்கிறான்னு அந்த ஆல்டோக்காரய்ங்களே சொல்லிருக்காய்ங்க தாத்தா’ம்ப. ஆமா, 2016லயே சொன்னாய்ங்க. அப்படி அடிக்கிறவனுக்கு ஒரு எழுத்துக்கு எப்பவும் ஒரே வெரலுதான் போகுதுன்னும் சொன்னாய்ங்களே, அத ஏன் முழுங்குற?

போடி ஏலக்காய் ஏல மையத்துல இப்ப யாபாரிக கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதான் விலை ஏத்துறாங்க. நாளைக்கு நீ ஒரு கமிஷன் கடையில பில்லு போடுற, கிலோ 2,000ன்னு அடிக்க வேண்டிய எடத்துல ஒரு சைபர் கூட விழுந்துருச்சுன்னு வையி. முதலாளி உன் வேகத்தப் பாத்து மாலை போடுவாரா?

தெனம் ஒரு மணி நேரம் உக்காரு. ஞாயித்துக்கெழமை ஒரே மூச்சா அஞ்சு மணி நேரம் உக்காந்து வெரல நோகடிக்காத. எந்த எழுத்துல தடுமாறுறியோ அந்த எழுத்து வர்ற வார்த்தையாத் தேடி அடி. தப்பு வந்தா மெதுவாப் போ. ரெண்டு மூணு தாள் சுத்தமா வந்தாக் கொஞ்சூண்டு கூட்டு.

பரீட்சை வருசத்துக்கு ரெண்டு தடவ, பிப்ரவரியிலயும் ஆகஸ்டுலயும் வைக்கிறாங்க. நாளைக்கே சிலமலையில பஸ் ஏறிப் போடிக்குப் போயி, இன்ஸ்டிட்யூட்டுல லோயருக்குப் பேரக் குடு. மொத ரெண்டு மாசம் வேகம் எத்தனன்னு எங்கிட்ட வந்து சொல்லாத. தப்பு எத்தனன்னு மட்டும் சொல்லு.