ஆள் பாதி, ஆடை பாதி, மிச்சம் தூசி

முதல் சந்திப்பிலேயே ஆளை அசத்துவது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவர்கள் யாரும் பெருங்களத்தூரில் குடியிருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் ‘இஸ்திரி கலையாத சட்டை அணிக’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகமாட்டார்கள். காலை எட்டரை வாக்கில் பீச் ரயிலில் ஏறிக் கிண்டியில் இறங்குகிறவன் சட்டையில் இஸ்திரிக்காரர் போட்ட மடிப்பு ஒன்றுதான் இருக்காது. சக பயணிகள் போட்ட மடிப்புகள் அத்தனையும் இருக்கும். ரயிலே வேண்டாம் என்று வண்டியை எடுத்தால் ஜி.எஸ்.டி. சாலை. ஆள் பாதி ஆடை பாதி என்று கணக்குச் சொன்ன பெரியவர்கள் இந்தச் சாலையில் டூவீலர் ஓட்டியதில்லை. ஓட்டியிருந்தால் தூசிக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருப்பார்கள்.

எனக்குக் கணக்குதான் பிழைப்பு. சின்னக் கடைகள், பட்டறைகள், கேட்டரிங் வைத்திருப்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். 2017 ஜூலை 1-ஆம் தேதி அந்த வரி வந்த நாளிலிருந்து, புதிதாக அறிமுகமாகும் ஒவ்வொருவரும் என் முகவரியைக் கேட்டதும் கண்ணில் ஒரு மின்னலோடு, “ஜி.எஸ்.டி. ரோட்டுல இருந்துகிட்டு ஜி.எஸ்.டி. பாக்குறீங்களா!” என்பார். அவரைப் பொறுத்தவரை இந்த நகைச்சுவை அந்த நிமிடம்தான் உலகில் உதித்தது. அதை முதல்முறையாகக் கேட்டவன் முகத்தோடு நான் சிரிக்க வேண்டும். நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்க என்னிடம் இருக்கும் ஆயுதங்களில் இதற்கு நிகரான ஒன்று கிடையாது.

உறுதியாகக் கை குலுக்க வேண்டுமாம். இரும்புலியூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் கையை நீட்டினால் அவர் முழங்கையை நீட்டுவார்; விரலெல்லாம் ஆயில். ஸ்வீட் ஸ்டால்காரர் கையில் மாவு. டைலர் வாயில் குண்டூசி, ஆகவே வணக்கம்கூடப் புருவத்தால்தான்.

உடுத்துவதிலும் சிக்கல் உண்டு. பளிச்சென்று போனால் ‘இவருக்கு ஃபீஸ் ஜாஸ்தியா இருக்கும்’ என்று நினைப்பார்கள். சுமாராகப் போனால் ‘இவர் கணக்குப் பார்த்த கடைங்கள்லாம் என்ன கதியாச்சோ’ என்பார்கள். வெளிர்நீல முழுக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா என்பதில் வந்து நின்றிருக்கிறேன். இரண்டு பேனா இருந்தால் வாத்தியார். பேனாவே இல்லையென்றால் மார்க்கெட்டிங் ஆள் என்று எண்ணி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மீசையில் நரை தட்டியதும் வீட்டில் டை அடிக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். என் தொழிலில் நரை முதலீடு, அதன்மேல் கறுப்பு பூசுவது மூலதனத்தைக் கரைக்கிற வேலை. “வண்டி எங்க விட்டிருக்கீங்க சார்?” என்று புதுக் கட்சிக்காரர் கேட்பது நிழலான இடம் காட்டுவதற்காக அல்ல. வந்தது காரா, பைக்கா, அதுவும் எத்தனை வருடத்துப் பைக் என்று பார்த்துவிட்டுத்தான் பேரம் எங்கே தொடங்குவது என்று அவர் தீர்மானிப்பார்.

குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள் என்பது இன்னொரு அறிவுரை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்கிற கடைக்காரரிடம் இதைச் செய்து பாருங்கள். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். பத்து நிமிடம் முன்னால் போகிறவன் நேரம் தவறாதவன் அல்ல, ராகுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறவன். வாசலிலேயே, “சார், ஒரு டீ அடிச்சிட்டு வந்துடுங்களேன்” என்று திருப்பி அனுப்புவார்கள். தாமதமாகப் போகவும் வழியில்லை. முன்பெல்லாம் “கேட் போட்டுட்டாங்க சார்” என்று சொன்னால் பெருங்களத்தூர் ரயில்வே கேட்டை அறிந்த எவரும் மறுபேச்சில்லாமல் மன்னிப்பார்கள். இப்போது மேம்பாலத்தைப் பகுதி பகுதியாகத் திறந்துவிட்டதால், தலைமுறைகளாக எங்களுக்குக் கைகொடுத்துவந்த ஒரு சாக்கு பறிபோய்விட்டது. வளர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய சங்கதி ஊர்ப்பெயர். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே என்னைப் பற்றிப் பெருங்களத்தூர் பேசி முடித்திருக்கும். தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த யாரும், வாழ்க்கையில் ஒரு தீபாவளிக்காவது எங்கள் ஊர் ஓரத்தில் நடுநிசியில் மூட்டை முடிச்சோடு நின்றிருப்பார்கள். “மதுர மதுர மதுர”, “திருச்சி திருச்சி” என்ற கூவல், டீசல் புகை, தூங்கி விழும் குழந்தை. ஆம்னி பஸ்காரருக்குப் போன் போட்டால், “தாம்பரம் வந்துட்டேன்ணே” என்பார். பஸ் வடபழனியில் நிற்கும். அந்த இரவின் எரிச்சல் ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கியிருந்து, நான் ஊர்ப்பெயர் சொன்ன கணத்தில் மேலே வரும். “ஓ, பெருங்களத்தூரா? அங்கதான் ஒருவாட்டி விடிய விடிய நின்னேன்” என்பார் எதிரில் இருப்பவர். அந்த பஸ் வராததற்கு நான் வருத்தம் தெரிவித்த பிறகுதான் வியாபாரப் பேச்சே தொடங்கும்.

2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் பஸ்கள் அங்கே குடிபெயர, எங்கள் இரவுக் கூட்டமும் போய்விட்டது. இப்போது சின்ன வயதுக்காரர்கள், “பெருங்களத்தூரா... கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்துலயா?” என்கிறார்கள். திட்டு வாங்கினாலும் சொந்தப் பெயரில் வாங்கிக்கொண்டிருந்த ஊர் எங்களுடையது.

நாங்கள் சென்னையா இல்லையா என்பதும் இன்னும் தீராத வழக்கு. பின்கோடு 600 என்று தொடங்குவதால் தபால்காரர் எங்களைச் சென்னை என்கிறார். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு எங்களுக்குக் கலெக்டர் அங்கே. 2021 நவம்பர் 3-ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, அதுவரை பேரூராட்சியாக இருந்த நாங்கள் பம்மல், பல்லாவரம், சிட்லப்பாக்கம் வகையறாவோடு சேர்ந்து ஒரே இரவில் மாநகரவாசிகள் ஆனோம். விசிட்டிங் கார்டில் எதைப் போடுவது? நான் இரண்டு விதமாக அச்சடித்து வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் போகும்போது ‘சென்னை’ கார்டு. மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் ‘தாம்பரம்’ கார்டு. அங்கே ‘சென்னை’ என்று போட்டுப் பெருங்களத்தூர் என்று எழுதினால் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழும். அந்தப் பேட்டைகளில் எங்கள் ஊருக்கு ஒரு சலுகையும் உண்டு. “அவ்ளோ தூரத்துலேருந்தா வர்றீங்க!” என்ற இரக்கம். விழுப்புரத்திலிருந்து வந்தவருக்குக் கிடைக்கும் உபசாரம் எனக்கும் கிடைக்கும், ஃபில்டர் காபியோடு. நான் வந்தது முக்கால் மணி நேரத்தில் என்பதைச் சொல்ல அவசியம் நேர்ந்ததில்லை.

தோற்றத்தை நம்பிக் களத்தில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு உதாரணம் தேட எங்கள் ஊரை விட்டுப் போக வேண்டாம். ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இங்கேதான் பெருங்களத்தூர், வண்டலூர் ஓரத்தில் இருந்தது. 1985-இல் அவர்கள் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். என்ன அழகு! பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு. அந்த மூலக்கார் 1977-இல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக்கான கார் என்று பரிசு வாங்கியது. அம்பாசிடரையும் பியட்டையுமே பார்த்துச் சலித்த கண்களுக்கு அது தரையிறங்கிய விண்கலம். பானெட்டைத் திறந்தால்தான் விஷயம். அங்கே ரோவரின் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின் இல்லை. நாற்பதுகளில் பிறந்த வேன்கார்டு குடும்பத்து இரண்டு லிட்டர் எஞ்சின் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தது. நம் சாலைப் பள்ளங்களுக்காக உடம்பையும் தூக்கிக் கட்டியிருந்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டிய ஜமீன்தார் தோரணை. விலையைக் கேட்டால் தலை சுற்றும், பெட்ரோல் குடிப்பதைப் பார்த்தால் மிச்சமும் சுற்றும். பக்கத்தில் மாருதி 800 ஒன்றும் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1988-இல் 2000-இன் கதை முடிந்தது.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. பூங்கா. கழுத்தில் பட்டையோடு உள்ளே போகும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு கிளையண்டிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார்களாம். எந்த மண்ணில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய நளினி அம்பாடி 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் புகழ்பெற்றது. ஆசிரியர்கள் பாடம் நடத்தும் அரை நிமிடத்துக்கும் குறைவான வீடியோத் துண்டுகளை, சத்தத்தை எடுத்துவிட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண், பருவம் முழுக்க அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு பெரிதும் ஒத்துப்போனது. 2006-இல் வேறு இரு ஆய்வாளர்கள் ஒரு முகத்தை எடைபோட விநாடியில் பத்தில் ஒரு பங்கே போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். சத்தத்தை எடுத்துவிட்டு என்னைக் காட்டினால் எனக்கும் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று என் மனைவியும் நம்புகிறாள். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடிகூட வீண். நான் படியேறுவதற்கு முன்பே, நான் இல்லாத ஓர் இடத்தில், முதல் சந்திப்பு நடந்து முடிந்திருக்கும்.

“யாரு சொல்லி வந்தீங்க?” இதுதான் கேள்வி. என்னை அனுப்பியவர் ஹார்டுவேர் கடைக்காரர் என்றால் நான் நாணயஸ்தன். அதே கடைக்காரரிடம் இவருக்கு முன்பகை என்றால் நான் அயோக்கியன். இரண்டிலும் என் சட்டைக்கு வேலை இல்லை. அறிமுகம் செய்துவைக்கிறவர்களின் கற்பனை வளம் வேறு. “அவர் பெரிய ஆளு, ஆபீசர்ங்க எல்லாரும் அவர் சொன்னா கேப்பாங்க” என்று எங்கோ ஒருவர் அடித்துவிட்டிருப்பார். நான் போய் நிற்பேன். கட்சிக்காரர் என்னைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்து, “சார் பின்னால வர்றாரா?” என்பார். நான்தான் சார் என்று நிரூபிக்க எந்தப் படிவமும் இல்லை.

இன்னொரு தொல்லை ‘ஆடிட்டர்’ பட்டம். கால்குலேட்டர் வைத்திருப்பவர் எவரும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஆடிட்டர்தான். நான் சி.ஏ. இல்லை, இல்லாதவன் அப்படிச் சொல்லிக்கொண்டால் 1949-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று தண்டிக்கக் காத்திருக்கிறது. ஆகவே அமர்ந்ததும், “சார், நான் ஆடிட்டர் இல்ல” என்று தொடங்குகிறேன். எதிரில் இருப்பவர் முகம் ஒரு சுற்று சிறுத்துவிடும். பிறகு சட்டென்று தெளிந்து, “அப்ப ஃபீஸ் கம்மிதானே?” என்பார். உண்மை பேசுவதால் நன்மை விளையும் என்பது சரிதான், விளைவது அவருக்கு.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதிலிருந்தும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ‘சார்’ என்றால் பேரம் இன்னும் திறந்திருக்கிறது. ‘தம்பி’ என்றால் பாதிக் கட்டணம். ‘அண்ணே’ என்று தோளில் கை போட்டுவிட்டாரானால் கட்டணம் அடுத்த மாதம். என்னை அவர் எடைபோடும் நேரத்தில் நானும் சும்மா இருப்பதில்லை. “நம்ம கணக்கு பக்காவா இருக்கும் சார்” என்று நெஞ்சை நிமிர்த்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பேன். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பில்களைத் திணித்துக்கொண்டு வந்து, “எல்லாம் கலைஞ்சு கெடக்கு, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று கூசுகிறவர் தங்கம். அவரிடம் சின்ன டீ பில்கூடத் தொலைந்திருக்காது.

இத்தனை பாடும் மாதத்தின் முதல் பாதியில் அறிமுகமாகிறவர்களுக்குத்தான். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தின் கெடு மறுமாதம் 20-ஆம் தேதி. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு வட்டி தனி. 19-ஆம் தேதி சாயங்காலம் அறிமுகமாகிறவர் கண்ணுக்கு நான் எப்படி இருந்தாலும் அழகன்.

சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு 19-ஆம் தேதி. இரவு பத்து மணி. நான் லுங்கி, பனியன், கையில் கொசு பேட். முடிச்சூர் சாலைப் பக்கம் ஃபர்னிச்சர் கடை வைத்திருப்பவர், யாரோ சொல்லி, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. “லேப்டாப்ல சார்ஜ் இருக்குங்களா?” என்றார். இருந்தது. நனைந்த பில்களைத் தரையில் பரப்பி ஃபேனை ஐந்தில் வைத்தோம். பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றப் போனால், ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அவர் போனுக்கு ஒன்றும் வரவில்லை.

“யார் நம்பர் குடுத்திருக்கீங்க?”

“பழைய ஆடிட்டர் நம்பர்தான் சார் இருக்கும்.”

“அவருக்குப் போன் போடுங்க.”

“நாலு மாசமா எடுக்கறதே இல்ல சார்.” குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் காலால் தள்ளியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆனா சும்மா சொல்லக்கூடாது, மொத நாள் வந்தப்ப டையெல்லாம் கட்டிக்கிட்டு வந்தாரு.”