சிமென்டின் தாகம்

தன் வீட்டு வேலையைத் தானே செய்யும் தன்மானிகள் கலவையில் தண்ணீரை அளக்காமல் ஊற்றுவது பாராட்டத்தக்கது. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர் போதும் என்பது பொறியாளர் கணக்கு. விருந்தாளிக்குச் சொம்பு நிறையத் தரும் ஊரில் சிமென்டிடம் மட்டும் கஞ்சத்தனமா? கெட்டிக் கலவையை மம்பட்டியால் புரட்டினால் இடுப்பு ஒடியும். பாயசப் பதமென்றால் அதுவே ஓடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். மிஞ்சிய தண்ணீர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலிமை குறையும் என்று ஆட்சேபிப்பார்கள். காற்றோட்டமான வீடுதானே எல்லாரும் கேட்பது?

1 பங்கு சிமென்ட், 1.5 பங்கு மணல், 3 பங்கு ஜல்லி என்று சட்டியால் அளக்கச் சொல்வதும் அநியாயம். அளப்பது அவநம்பிக்கை, கண்திட்டமே கலை. காலையில் கலந்தது இறுகிவிட்டால் மதியம் இன்னொரு சொம்பு ஊற்றுங்கள். தூங்குகிறவரை முகத்தில் தண்ணீர் தெளித்துத்தானே எழுப்புகிறோம்! போட்ட தளத்தை 7 நாளாவது நனைத்து வைக்க வேண்டும் என்பது கடைசி ஆட்சேபம். அந்தக் கவலையே வேண்டாம். இப்படிப் போட்ட மாடித் தளத்தை ஐப்பசி மழை பொறுப்பேற்றுக்கொள்ளும்: மேலே தளத்தையும் நனைக்கும், கீழே கூடத்தையும் நனைக்கும். 7 நாளல்ல, ஆண்டுதோறும்.