எல்லையோரச் சிக்கனக் கையேடு

இந்தக் குறிப்புகள் அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மட்டும். மற்ற ஊர்க்காரர்கள் செய்து பார்த்து நட்டப்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல. தேவையான பொருள்கள்: ஒரு தென்னை, ஒரு பழைய வேட்டி, சும்மா இருக்கத் தெரியாத ஒரு பாட்டி. முதல் இரண்டும் இல்லாவிட்டால் சமாளிக்கலாம்.

தென்னையில் தொடங்குவதே முறை. 2025-ல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதிலிருந்து இங்கே யாரும் விளையாட்டாகத் தேங்காய் உடைப்பதில்லை. பறிக்க ஆள் கூப்பிட்டால் கூலி. மரமேற ஆளில்லை என்றுதான் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் இளைஞர்களுக்கு ஏறுபொறி கொடுத்துப் பயிற்சி தரத் தொடங்கியது. சிக்கனக்காரர் அவர்களையும் கூப்பிடமாட்டார். காய் தானாக விழும்வரை காத்திருப்பார். காத்திருக்கலாம், மரத்தடியில் மட்டும் வேண்டாம்.

தென்னையிலிருந்து விழும் எதையும் எறியக்கூடாது. கதம்பலைப் பிய்த்தால் பாத்திரம் தேய்க்க நார். ஈர்க்கிலைச் சேர்த்துக் கட்டினால் வாரியல். அதில் ஒன்றை உருவிப் பிளந்தால் காலையில் நாக்கு வழிக்கலாம். பன்னாடை அரிக்க, கொதும்பு அடுப்பெரிக்க. அடுப்புச் சாம்பல் பாதி மீன்சட்டி தேய்க்க, பாதி வாழை மூட்டுக்கு. சிரட்டையில் ஓட்டை போட்டு மூங்கில் காம்பு செருகினால் அகப்பை. ஆனால் இங்கே ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது. சிரட்டைக்கரி தண்ணீர் சுத்திகரிக்கும் கரிக்கு மூலப்பொருள் ஆகிவிட்டதால், சிரட்டையையே எடைபோட்டு வாங்க வியாபாரிகள் வருகிறார்கள். ஆகவே சிரட்டை அகப்பையில் குழம்பு ஊற்றுவது இனி ஆடம்பரம். எவர்சில்வர் கரண்டிக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்து வேட்டி. பக்கத்திலேயே பாலராமபுரம் இருக்கிறது. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்கள் தறி போட்ட ஊர். அந்த வேட்டிக்குக் கடையில் கஞ்சிப்பசை வாங்குவது பாவம்; சோறு வடித்த தண்ணீர் போதும். முதலில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கட்டுங்கள். கரை மங்கியதும் வீட்டில். நடுவில் கிழிந்தால் இரண்டாக்கித் தோர்த்து. அதுவும் நைந்தால் பேரப்பிள்ளைக்கு அடியில் விரிக்க. அப்புறம் அடுப்பிலிருந்து சட்டி இறக்க. அதற்கும் ஆகாது என்றால் கிழித்துத் திரித்து விளக்கில் போடுங்கள். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்தால் அதே பிள்ளையின் நெற்றிக்குத் திருஷ்டிப் பொட்டு. இந்த வேலைகளுக்கெல்லாம் பாட்டிக்குக் கூலி போட்டுப் பார்க்காதீர்கள். போட்டால் புது வேட்டியே லாபம் என்று வந்துவிடும்.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்கும் யோசனையை இந்த மண்ணில் ராஜாவே சொல்லியாகிவிட்டது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அந்தக் கிழங்குதான் வயிற்றைக் காத்தது. இப்போது அதையே மீன்கறியோடு தட்டில் வைத்து ஓட்டலில் வாங்கும் விலையைப் பார்த்தால், வீட்டில் வேகவைப்பதே உத்தமம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், விஷம்.

வாடகையை மிச்சம் பிடிக்க நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் ஒரு முன்மாதிரி உண்டு: அம்மச்சிப் பிலாவு. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா அந்தப் பலாவின் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது ஐதீகம். முன்பணம் கேட்கப்படவில்லை.

இனி பெட்ரோல். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன் பலன் இன்று பங்கில் தெரிகிறது. தமிழக அரசு 2021-ல் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது; கேரளம் 2023 ஏப்ரலில் 2 ரூபாய் கூடுதல் வரி போட்டது. எனவே எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி டேங்கை நிரப்புவது இங்கே குலவழக்கம். பாறசாலைக்காரருக்கு இது நியாயம். அதியன்னூர்க்காரர் கணக்குப் போட வேண்டும். ஐந்து லிட்டருக்கு லாபம் முப்பது ரூபாய்க்குள். போக வர ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஸ்கூட்டர் குடிப்பது முக்கால் லிட்டருக்குப் பக்கம். அதாவது முப்பது ரூபாய் சம்பாதிக்க எழுபது ரூபாய். போன இடத்தில் ஒரு சாயா, இரண்டு பழம்பொரி தனி. ஆனாலும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். விலை குறைந்த இடத்தில் வாங்கினோம் என்ற திருப்திக்கு இன்னும் யாரும் வரி போடவில்லை.

கடைசிக் குறிப்பு பால் கவருக்கு. மில்மா கவரை மூலையில் சின்னதாக வெட்டுங்கள். வெட்டிய துண்டு பிரிந்துவிடக் கூடாது. உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் சாயாவில் சேருங்கள். அப்புறம் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, அடுக்கிக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை, பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். கவரை அவர்களிடம் கொடுங்கள். கூடவே 50 ரூபாயும் கொடுக்க வேண்டும், சில்லறையாக வைத்திருங்கள்.