ஒய்யா, என்னான்னு மெசின் கேக்குது

வா மருமவனே, உக்காரு. மூஞ்சி ஏன் வாடின கீரை மாதிரி இருக்கு? வீட்டுல உக்காந்தபடியே கூலாய்ல இருக்கிற சர்வருக்கு அப்டேட் போட்டுட்டு வர்றேன்னு நேத்து ராத்திரி பெருமையா சொன்னே. விடியறதுக்குள்ள காரை எடுத்துக்கிட்டு ஆயர் ஈத்தாம் வழியா ஓடுறே. என்னடா, நீ வெளியில, தாப்பா உள்பக்கமா?

நமக்கு என்ன தெரியும்! மண்டோர் மவன். பால் வெட்டிட்டுக் கெடந்தேன், அப்புறம் ஒரு இருபது வருசம் சர்வர் மேய்ச்சேன். ஒன்ன மாதிரி சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டல. அதான் கேக்குறேன். டெபியன் பொட்டி அப்டேட் நடுவுல நின்னு, "இந்தக் கோப்பை நீயும் மாத்தியிருக்கே, குடுத்தவங்களும் மாத்தியிருக்காங்க, எதை வச்சுக்க?"ன்னு கேட்டுச்சே, நீ என்ன சொன்னே? சிலது ஒய்யா, என்னான்னு ஒரு எழுத்துல கேக்கும். எஸ்எஸ்எச் மாதிரிப் பெரிய மனுசங்க நீலத் திரை விரிச்சுப் பட்டியல் காட்டுவாங்க. கேள்வி ஒன்னுதான். பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டப்ப மூணு மாசம் யோசிச்சே. இதுக்கு மூணு நொடி யோசிக்கல, "குடுத்தவங்களதே போடு"ன்னுட்டே.

22ஆம் போர்ட்டை மாத்தி வச்சவன் நீ. அந்தப் புது நம்பருக்கு மட்டும் பயர்வால்ல வழி விட்டவனும் நீ. எஸ்எஸ்எச் பழையபடி 22க்குத் திரும்பிப் போச்சு, அங்க நீ கட்டின செவுரு நிக்குது. அப்பவும் ஒன்னும் கெட்டுப் போகல, மருமவனே. எஸ்எஸ்எச் மறுபடி கிளம்பினாலும், ஏற்கனவே உள்ள இருக்கிற இணைப்பு அறுந்து போவாது. அதை மூடிட்டுப் போய்ப் படுத்தது யாரு? இன்னொரு சன்னல்ல புதுசா நுழைஞ்சு பாத்துட்டு இல்ல படுக்கணும்!

மெசின் ஒன்னும் வம்புக்குக் கேக்கல. டிபிகேஜி ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5ன்னு கைரேகை எடுத்து வச்சிருக்கு. நீ தொடாத கோப்பை மூச்சு விடாம மாத்திரும். குடுத்தவங்க தொடலைன்னா ஒன்னோடதை அப்படியே விட்டுரும். ரெண்டு பேரும் கை வச்சாத்தான் பஞ்சாயத்து. அப்ப டின்னு ஒரு எழுத்து இருக்கு, எது எது மாறியிருக்குன்னு வரி வரியாக் காட்டும். அதை அமுக்கினா வெரல் தேஞ்சிருமா?

இனிமே என்னே அமுக்குறேங்கிறியா? அது அடுத்த சோம்பேறித்தனம். சும்மா என்டர் தட்டினாலே பழசுதான் நிக்கும், அதுக்கு ஒரு ஆளு வேணுமா? 2025 ஆகஸ்டுல டெபியன் 13 வந்துச்சே, டவ்காட் 2.4 அதுல. 2.3க்கு எழுதின அமைப்பு அதுக்குப் புரியவே புரியாது. பழசையே புடிச்சுக்கிட்டு நின்னவன் தபால் பொட்டி எந்திரிக்காமக் கெடந்துச்சு. என் அனுபவமான்னு கேக்காதே.

பத்து பகாட்டுன்னு நம்ம ஊரு பேருக்கே செதுக்கின கல்லுன்னுதான் அர்த்தம். சயாம் படைக்காரங்க மின்யாக் பெக்குல கல்லைச் செதுக்கிக் கெணறு வெட்டினாங்கன்னு கதை. கல்லுல செதுக்கினது நிக்கும். நீயோ ஈடிசில பெரிய கோப்பு நடுவுல போய்ச் செதுக்குறே. எஸ்எஸ்எச்சுக்குன்னு டிங்கிற வால் வச்ச தனி அடைவு இருக்கு. டெபியன்ல அதைத்தான் மொதல்ல படிக்கும், எஸ்எஸ்எச்சுக்கு மொதல்ல படிச்சதுதான் வேதம். ஒன் நாலு வரியை அங்க வையி. பெரிய கோப்பை யாரு மாத்தினா ஒனக்கென்ன? ஜோயி ஹெஸ் எழுதின எட்ஸிகீப்பரையும் போட்டு வையி. யாரு, எப்ப, எந்த வரியில கை வச்சான்னு கிராணி மாதிரிக் கணக்கெழுதும். மறுபடி கிளப்புறதுக்கு முன்னாடி எஸ்எஸ்எச்டியை -t போட்டுச் சோதிச்சுப் பாரு. தப்பிருந்தா அங்கேயே சொல்லிரும்.

சரி, எந்திரி, பசியாறப் போவோம். கூலாய்க்குப் போய் வந்த டோல் காசை மட்டும் மொதலாளிகிட்ட கேட்டுறாதே. எதுக்குப் போனேன்னு கேப்பாரு.