போன் கம்பெனிக்குப் போற பேத்திக்கு

வாம்மா பேத்தி. மகேந்திரா சிட்டி போன் கம்பெனியில வேலை கெடச்சிடுச்சாமே! உங்கம்மா புதுப்பட்டினம் பூரா லட்டு குடுத்தா. எனக்கு மட்டும் சுகருன்னு பாதி. மீதி பாதிக்கு வட்டியா நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ.

2022-ல தொறக்கும்போது அது தைவான்காரன் பெகாட்ரான் கம்பெனி. 2025 ஜனவரியில 60 சதவீதம் டாடா கைக்குப் போயிடுச்சு. நீ சேர்றதுக்குள்ளாறயே முதலாளி மாறிட்டாரு, நல்ல சகுனம்தான்!

2006-ல ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தப்ப, இனிமே நம்ம புள்ளைங்களுக்குக் கவலையில்லன்னாங்க. ஒரு பக்கம் வரித் தகராறு, இன்னொரு பக்கம் நோக்கியாவோட போன் தொழிலை வாங்கின மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்திடுச்சு. 2014 நவம்பர்ல உற்பத்தி நின்னுது. அடுத்த மாசமே, அங்க நோக்கியாவுக்கு வேலை பண்ணிக்கினு இருந்த பாக்ஸ்கானும் நிறுத்திட்டான். 2015-ல அதே பாக்ஸ்கான் எங்க தலை நீட்டினான் தெரியுமா? தடாவாண்ட, ஆந்திரா ஸ்ரீசிட்டியில, ஷவோமி போன் பண்ண! அப்பறம் மறுபடியும் ஸ்ரீபெரும்புதூருக்கே வந்து, 2019-ல ஐபோன் பண்ண ஆரம்பிச்சுட்டான். மத்தி மீனு இப்படித்தான், தீனி இருக்கற பக்கம் திரும்பும். நிலம், கரண்டு, வரிச் சலுகைன்னு ரெண்டு மாநிலத்து மந்திரிங்களும் போட்டி போட்டுக்கினு தீனி போடறாங்க. கூட்டம் வந்தா போட்டோ புடிப்பாங்க. போனா பக்கத்து மாநிலத்தைத் திட்டுவாங்க.

சீனாவுல ஷென்சென்காரன் வேற மாதிரி. 1980-ல சிறப்புப் பொருளாதார மண்டலம்னு அறிவிச்சதும், ஹாங்காங்காரன் எல்லை தாண்டி வந்து பட்டறை போட்டான். உள்ளூர்க்காரன் மொதல்ல ஸ்க்ரூ முடுக்கினான். அப்பறம் போர்டு, பேட்டரி, அச்சு எல்லாம் பண்ணக் கத்துக்கினான். 1987-ல ஹுவாவே பொறந்ததும் அங்கதான். அந்த ஊர்லேர்ந்து ஒரு கம்பெனி கிளம்பினாலும் தொழில் கிளம்பாது.

நம்மாளுங்க பூட்டறதுல கெட்டி. ஆனா உள்ளாற வைக்கற சாமான்ல பாதிக்கு மேல கப்பலைத்தான் பாத்துக்கினு இருக்கோம். உதிரி பாகத்துக்குன்னே தமிழ்நாடு சர்க்காரு 2025-ல ஒரு திட்டம் போட்டிருக்குது. லேட்டானாலும் நல்ல புத்தி.

அதனால லைன்ல நின்னு முடுக்கிக்கினே இருக்காதே. மெஷின் மக்கர் பண்ணா ரிப்பேருக்கு ஒருத்தன் வருவான் பாரு, அவன் பின்னாலயே நின்னு வேலையைக் கத்துக்கோ. அது தெரிஞ்சவளை ஸ்ரீசிட்டிக்காரனும் கூப்பிடுவான், ஓசூர்க்காரனும் கூப்பிடுவான். சலுகை கேட்டுக் கம்பெனி எல்லை தாண்டலாம்னா, சம்பளம் கேட்டு நீ தாண்டக்கூடாதா?

அப்பறம், நீ பண்ற போனை எனக்கு வாங்கித் தர்றேன்னியாமே? எத்தினி மாசச் சம்பளம்னு மொதல்ல கணக்குப் போடு. எனக்குப் பட்டன் போனே போதும். நோக்கியாதான்! கம்பெனி போயிடுச்சு, போன் இன்னும் ஓடுது.