இனிஷியல் வைத்தியம்

கேள்வி: புதிய லினக்ஸ் கர்னலுக்கென எழுதிய டிரைவரைப் பழைய 3.10 கர்னலுக்குக் கொண்டுவந்தால், ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் உள்ளனவென்று கம்பைலர் கலகம் செய்கிறதே?

பதில்: பழைய கர்னலில் இராதென்று நம்பித் தாங்கள் சிரமப்பட்டு எழுதிச் சேர்த்த ஃபங்ஷனை, ரெட் ஹாட் போன்ற விநியோகஸ்தர்கள், 3.10 என்ற எண்ணை மட்டும் மாற்றாமல் (உள்ளே இளமை, வெளியே முதுமை, உலகத்தில் அபூர்வமான வேஷம்தான்!), முன்னதாகவே தங்கள் கர்னலில் புகுத்தியிருக்கக் கூடுமாதலால், பதிப்பெண்ணையே பிரமாணமாகக் கொண்டு நிபந்தனை எழுதுவது வீண் பிரயாசை.

ஒரே வகுப்பில் இரண்டு ராமசாமிகள் சேர்ந்துவிட்டால் வாத்தியார் இனிஷியல் போட்டுக் கூப்பிடுவார் அல்லவா? லினக்ஸ் பேக்போர்ட்ஸ் திட்டத்தார் கண்ட உபாயமும் அதுவே. தாங்கள் சேர்க்கும் ஃபங்ஷனுக்கு முன்னால் 'பேக்போர்ட்' என்ற அடைமொழியைச் சூட்டி, அசல் பெயரை அதன்பால் திருப்பிவிடும் மேக்ரோ ஒன்றை ஹெடரில் எழுதிவிட்டால், டிரைவரின் மூலத்தில் ஓரெழுத்தையும் தொடாமலே பிரீபிராசசர் பெயரை மாற்றிவிடும். மாட்யூலை ஏற்றும்போது இரட்டைப் பெயரென்று கர்னல் வாசலிலேயே விரட்டும் அவமானமும் இராது. ஆனால் கர்னலின் சொந்த ஹெடரைச் சேர்த்த பிறகே அந்த மேக்ரோ வரவேண்டும். முந்திக்கொண்டால் பழைய ராமசாமிக்கும் அதே இனிஷியல் விழுந்து, வழக்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்கும்.